ஆறாம் நம்பர் கடிகாரம்

என் மருமகன் தூக்கத்தைப் படித்தவர். தூங்குவதற்குக்கூடப் படிப்பு இருக்கிறது என்பது கல்யாணப் பேச்சின்போதுதான் எனக்குத் தெரிந்தது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதாம். எப்போது பசிக்க வேண்டும், எப்போது கண் சொக்க வேண்டும் என்று அதுதான் சொல்லுமாம். நான் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் உலை முன்னால் நின்றவன், அதில் பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். நான் வரும்போது என் மனைவி எழுந்திருப்பாள், ஒரே கட்டிலை முறை போட்டுத்தான் படுத்தோம். அப்போதெல்லாம் என் கடிகாரத்தை எவனும் விசாரித்ததில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறவர் அன்று காலையில் காரோடு வாசலில் நின்றார். காரியம் என்னவென்று எனக்குத் தெரியும்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு நல நிதி உண்டு. மாசாமாசம் எங்கள் சம்பளத்தில் பிடித்த பணம். உலைக்காரனுக்குக் கண்ணில் புரை சீக்கிரம் விழும். அந்த ஆபரேஷனுக்கும், செத்தால் அடக்கத்துக்கும் அதிலிருந்துதான் எடுப்போம். நிர்வாகம், சங்கம், ஓய்வு பெற்றவர்கள், மூன்று பக்கமும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும். ஓய்வு பெற்றவர்கள் பக்கத்துக்கு நான். அதில் பாதியை எடுத்து மருமகன் நடத்தப்போகும் உடம்புக் கடிகார மாநாட்டுக்குக் கொடுக்க வேண்டுமாம். இரண்டு கையெழுத்து ஆகிவிட்டது.

"உங்கள மாதிரி ஆளுங்க நல்லதுக்குத்தான் மாமா இந்த மாநாடே" என்றார், வண்டியை ஓட்டிக்கொண்டே.

"என் நல்லது எனக்கே கடைசியாத்தான் தெரிய வருது, பாருங்க."

"பதினோரு நாட்டுலேருந்து வர்றாங்க. இது நடக்கலைன்னா என் ஆய்வுக்கூடத்தயே மூடிருவாங்க. அப்புறம் உங்க பொண்ணு..."

"அவ உங்க ஆய்வுக்கூடத்துலயா குடியிருக்கா? பொண்ண இழுக்காம பேசுங்க மாப்பிள்ளை."

அவர் ஹாரனை அழுத்தினார். நான் விடவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் இவருடைய ஆட்கள் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு கைக்கடிகாரம் கட்டிவிட்டார்கள். தூக்கத்தை அளக்கிற கடிகாரம். பெயர் வெளியே தெரியக்கூடாது என்று வெறும் நம்பரை ஒட்டியிருந்தார்கள். எங்கள் உலையில் நம்பர் ஒட்டிய எதுவும் ஆளுக்குச் சொந்தமில்லை, அவன் நிற்கிற இடத்துக்குச் சொந்தம். கையுறை, கண்ணாடி, சாவி எல்லாவற்றையும் அடுத்த ஷிப்ட்காரனிடம் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். நம்பரோடு வாசலைத் தாண்டினால் அரை நாள் சம்பளம் போச்சு. ஆறாம் நம்பர் கடிகாரத்தையும் அப்படியே அவிழ்த்து அடுத்தவன் கையில் கட்டினார்கள். ஒரு கடிகாரம், மூன்று பேர், இரண்டு மாசம், அதைக் கட்டிக்கொண்டு ஒருவனும் தூங்கவில்லை. ஒரு கண்ணுக்குப் புரை எடுக்கப் போனபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆறாம் நம்பர்க்காரனே இதைச் சொன்னான். எல்லா நம்பரும் அப்படித்தானாம்.

அதைக் காரில் சொன்னேன். அதிர்ந்து போவார் என்று நினைத்தேன். சிக்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"தெரியும் மாமா. ரெண்டு மாசமாத் தெரியும். மாநாடு முடியட்டும், சத்தமில்லாம திருத்திக்கலாம்."

கமிட்டி அறையில் மேனேஜரும் சங்கச் செயலாளரும் காத்திருந்தார்கள். மேனேஜர் மாநாட்டுக்காக அச்சடித்த புத்தகத்தை என் முன்னால் தள்ளினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இரவு வேலைக்கு உடம்பு முழுவதும் பழகிவிடுகிறது, பகலும் இரவும் அதற்கு ஒன்றுதான். கீழே நம்பர் வாரியாகக் கோடு வரைந்திருந்தது, ஆள் தூங்கினால் கோடு படுக்குமாம். மாநாட்டில் முதல் பேச்சே அதுதானாம். நிர்வாகத்துக்கு இனிக்காமல் என்ன செய்யும்?

"என்னண்ணே, கண்ணு தெரியுதா?" என்றார் செயலாளர்.

"ஒரு கண்ணு நல்லாத் தெரியுது. இந்த ஆறாம் நம்பர் கோடு எங்கயுமே படுக்கலையே. ரெண்டு மாசம் ஒருத்தன் கண்ண மூடலையா?"

"பெரியவரே, அதெல்லாம் டாக்டர் பாத்துப்பார். நீங்க இங்க போடுங்க" என்றார் மேனேஜர்.

கடிகாரம் கைமாறிய கதையைச் சொன்னேன். செயலாளர் மேஜையைப் பார்த்தார். அவரும் உலையில் நின்றவர்தான்.

"வேலைய விட்டு அஞ்சு வருஷமாச்சு. இன்னிக்கும் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட முழிச்சுக் கிடக்கேன். எங்க பழகுச்சு?" என்றேன் நான்.

மேனேஜர் மருமகன் பக்கம் திரும்பினார். "டாக்டர், இவர் சொல்றது நிஜமா?"

மருமகன் சிரித்தார். "எனக்கு இது புதுசா இருக்கு சார். மாமாவுக்கு வயசாயிடுச்சு. தூக்கமில்லாதவங்களுக்கு இப்படிக் கற்பனை வர்றது சகஜம்."

அதுவரை கையெழுத்துப் போடாமல் எழுந்து போவதாகத்தான் இருந்தேன். அவர் சொன்னதை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிறகு கூட்டக் குறிப்பு நோட்டை என் பக்கம் இழுத்தேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், ஆனால் படிக்க முடியும். ஒரு கடிகாரத்தை மூன்று பேர் கட்டினார்கள் என்று எழுதினேன். அதற்குக் கீழே, இது மாப்பிள்ளைக்கு இரண்டு மாசமாகத் தெரியும், காரில் என்னிடம் சொன்னார் என்று எழுதினேன். அதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.

செயலாளர் நோட்டை வாங்கிச் சத்தமாகப் படித்தார். பேனாவைக் கேட்டு, அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். மேனேஜர் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மருமகன் கார் சாவியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மகள் போனில் கூப்பிட்டாள்.

"அவருக்கு முன்னாடியே தெரியும்னு எழுதிட்டீங்களாமே."

"ஆமா."

"எனக்கும் தெரியும்பா. ரெண்டு மாசமா. அதையும் எழுதிட்டு வந்துருங்க."

வைத்துவிட்டாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மணி பன்னிரண்டு. தினமும் அந்நேரம் எங்கே உட்கார்ந்தாலும் எனக்குத் தலை சாய்ந்துவிடும். அன்று கடைசி நிறுத்தம் வரை விழித்தபடி வந்தேன்.