இரண்டு அங்குலம்

இடுப்புத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த இரண்டு அங்குலத் துணியையும் வெளியே எடுத்த பிறகும் கவுனின் கொக்கி சின்னவளின் இடுப்பில் மாட்டவில்லை. "மூச்சை உள்ள இழுத்துக்கோ" என்றாள் அம்மா. சின்னவள் இழுத்துக்கொண்டாள். கொக்கி மாட்டியது. அம்மா விடச் சொல்லும்வரை அவள் மூச்சை விடவில்லை.

அது பெரியவளுக்காகத் தைத்த கவுன். போன வருஷம் சிறுமியர் அழகிப் போட்டிக்குப் பேர் கொடுத்து, நடை பழகி, கேள்விகளுக்குப் பதிலெல்லாம் மனப்பாடமாகி, போட்டிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் டாக்டரும் சொன்னார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். பத்து வயது. இந்த வருஷம் சின்னவளுக்கு ஒன்பது முடிந்ததும், யாரையும் கேட்காமல் அம்மா விண்ணப்பம் வாங்கி வந்தாள்.

பகலெல்லாம் சலவைக் கடையில் நின்றபடி இஸ்திரி போட்டுவிட்டு வந்து, நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கி நடை சொல்லிக்கொடுப்பாள். சின்னவளுக்குக் கால் தொம் தொம்மென்றுதான் விழும். இவள் நடக்கிற நடைக்கு வீட்டு எலியெல்லாம் ஊரையே காலி பண்ணிவிட்டது என்று அப்பா கேலி செய்வார். அம்மா சிரிக்கமாட்டாள். அக்கா எப்படி நடப்பாள், அக்கா எப்படித் தலையைச் சாய்ப்பாள் என்று கேட்டுக் கேட்டுத் திருத்துவாள். இரண்டொரு தடவை பெரியவளின் பேரைச் சொல்லியே கூப்பிட்டுவிட்டாள். சின்னவள் வந்து நின்றாள்.

பஸ் ஓட்டும் அப்பா ஒரே ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "துணியப் பிரிச்சுத் தைக்கலாம். பிள்ளைய அப்படிப் பண்ணாதே."

அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவரும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போட்டியன்று மண்டபம் நிறைந்திருந்தது. நெஞ்சில் பதினேழாம் எண்ணைக் குத்திக்கொண்டு சின்னவள் மேடையேறினாள். காலடிச் சத்தமே இல்லை. தலை லேசாகச் சாய்ந்திருந்தது. திரைக்குப் பின்னால் நின்ற அம்மா ஓரெட்டு முன்னால் வந்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், போனவள் வந்துவிட்டாள். நிகழ்ச்சி நடத்துபவர் மைக்கை நீட்டிப் பேரைக் கேட்டார். சின்னவள் அக்காவின் பேரைச் சொன்னாள். வயது பத்து என்றாள். கைதட்டினார்கள். அம்மா பிடிமானத்துக்குச் சுவரைத் தேடினாள்.

உடை மாற்றும் அறைக்குள் வந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அம்மா கேட்டாள். சின்னவள் பயந்துவிட்டாள்.

"தப்பாம்மா?" என்றாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா வந்துட்டா நீ அழமாட்டேன்னு நெனச்சேன்."

அம்மா அவளைத் திருப்பி நிறுத்திக் கொக்கியை விடுவித்தாள். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள், சுட்டது. பிள்ளையின் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். பேர் வெளியே வரவில்லை.

வெளியே இரண்டாம் சுற்றுக்குத் தேர்வானவர்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். பதினேழாம் எண் என்றார்கள். கூடவே, மேடையில் அவள் சொன்ன பெரியவளின் பேரையும் சொன்னார்கள். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் அதே பேர். பாதி கழன்ற கவுனைக் கையால் பிடித்துக்கொண்டு, சின்னவள் அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.