தம்பியின் கழுத்தில் கேட்ட சத்தம்

புது ஸ்கேன் மெஷினைப் பொருத்தி முடித்த பொறியாளர், "யாராவது ஒருத்தரைப் படுக்கச் சொல்லுங்க மேடம், எல்லாம் சரியா வருதான்னு பாத்துடலாம்" என்றார்.

ஸ்கேன் எடுப்பவள் வெளியே எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க வந்திருந்தான் தம்பி. பேருந்து ஓட்டுநர். சிகரெட்டைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. காய்ச்சல் என்றுகூட லீவு போடாதவன்.

"டேய், வந்து படு. கழுத்தைக் காட்டு."

"வெட்டப் போறியாக்கா? சின்ன வயசுல பண்ணதுக்கெல்லாமா இப்போ?"

சிரித்துக்கொண்டே ஜெல்லைத் தடவி, கருவியை இடப்பக்கம் வைத்தாள். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் ஓடும் சத்தம் மெஷினில் சீராக இரைந்தது. வேகம் வினாடிக்கு எண்பது சென்டிமீட்டர். இருக்கவேண்டிய அளவுதான்.

வலப்பக்கம் வைத்ததும் சத்தம் மாறியது. தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் சீறுமே, அப்படியொரு சீறல். திரையில் வேகம் நானூறைத் தாண்டியிருந்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றாள்.

பொறியாளர் கருவியின் கோணத்தைத் திருத்தினார். மறுபடியும் நானூறு. பழைய மெஷினை இழுத்து வந்து வைத்துப் பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது. குழாய் அடைத்துப்போய், ரத்தம் போக நூலிழை அளவுக்குத்தான் வழி இருந்தது.

"என்னக்கா, மெஷினை மாத்தி மாத்தி வைக்கிற?"

"உனக்குக் கண்ணு ஏதாவது மங்கலாச்சா?"

"அது உனக்கெப்படித் தெரியும்? வலது கண்ணுல ரெண்டு தடவை. திரை விழுந்த மாதிரி இருட்டும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். தூக்கம் பத்தலைன்னு நினைச்சேன்."

"கடைசியா எப்போ?"

"இன்னைக்குக் காலையில. மேம்பாலத்துல போய்ட்டிருந்தேன். இன்னொரு கண்ணு இருக்கே, ஓட்டிட்டேன்."

அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சரி, கிளம்புறேன். மதியம் வண்டி எடுக்கணும்."

அவள் போய்க் கதவை மறித்து நின்றாள். "நீ வண்டியத் தொடக்கூடாது." அந்தக் குரலை அவளே அதுவரை கேட்டதில்லை.

பொறியாளர் போய்க் கூப்பிட, டாக்டர் வந்தார். திரையைப் பார்த்து, கண் இருண்டதையும் கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவனருகில் உட்கார்ந்தார். "அக்கா சொல்றது சரிதான். இந்த அடைப்புலேர்ந்து துணுக்கு பெயர்ந்து கண்ணுக்குப் போனதாலதான் இருட்டுச்சு, மூளைக்குப் போனா பக்கவாதம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "காலையில வண்டி நிறைய ஸ்கூல் பசங்கக்கா" என்றான்.

அந்த வாரமே கழுத்தைத் திறந்து அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். பணிமனைக்குத் தானே போன் செய்து, கண் இருண்டதை ஒளிக்காமல் சொன்னான். இப்போது பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறான்.

அக்காவுக்குத்தான் அதிர்ச்சி விலகவில்லை. எத்தனையோ வருஷமாக ஊரார் கழுத்தையெல்லாம் பார்த்தவள். ஞாயிறுதோறும் அவனுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறாள். இப்போது சாப்பிடும்போது அவள் பார்வை அவன் கழுத்துத் தழும்பிலேயே நிற்கிறது. தட்டில் சோறு ஆறிப்போகிறது.

"சாப்பிடுக்கா" என்கிறான் அவன்.