யாருடைய நிழலில்

...முப்பத்தாறரை, அதுவும் நிழலில், நிழலில் மாட்ட வேண்டும் என்றுதானே விதியில் போட்டிருக்கிறது, யாருடைய நிழலில் என்று போடவில்லையே, ஆகவே சங்கத் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால், பந்தல் காலில், ஏர் கூலர் ஊதுகிற இடத்தில் வெப்பமானி தொங்குவதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை என்று செயலாளர் காலையிலிருந்து மூன்றாவது தடவையாகத் தனக்குத் தானே தீர்ப்பு வழங்கிக்கொண்டார். முப்பத்தெட்டைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தும் அதிகாரம் செயலாளருக்கு மட்டும். அந்த விதியை எழுதியவரும் அவர்தான், ஏசி அறையில் நடந்த கூட்டத்தில், எல்லாரும் கைதட்டினார்கள், தலைவர்கூட எழுந்து நின்று தட்டினார், பிள்ளைகள் நம் கண்கள் என்றார்... அந்தக் கண்கள் இருபத்திரண்டு ஜோடியும் இப்போது வெட்டவெளியில் பந்தைத் துரத்திக்கொண்டிருக்கின்றன, பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து, இறுதி ஆட்டம், மணி பன்னிரண்டரை. அதில் ஒரு ஜோடிக் கண் அவர் பெற்றது. ஏழாம் எண்.

காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்கு முடித்திருக்க வேண்டிய ஆட்டம். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தது பதினொன்றேகாலுக்கு, வந்தவர் சும்மா வந்தாரா, இரண்டு அணியையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு பெண்ணாகக் கைகுலுக்கினார், புகைப்படக்காரர் வெளிச்சம் அதிகம் என்று சொன்னதால் மறுபடியும் குலுக்கினார், பிறகு ஒருவர் பிடித்த குடைக்குக் கீழே நின்று வெயில்தான் வீரர்களை உருவாக்குகிறது என்று இருபத்தைந்து நிமிடம் பேசினார். குடை பிடித்தவர் மட்டும் நன்றாக உருவாகியிருப்பார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனைவி வாசலில் நின்று சொன்னாள், பத்து மணிக்கு மேல அவள ஆட விடாதீங்க, சொல்லிட்டேன். எட்டுக்கெல்லாம் முடிஞ்சிடும், நீ ஏன் சும்மா கெடந்து பயப்படுற... அப்படித்தான் சொன்னார், அப்படித்தான் நம்பவும் செய்தாரா? நம்பினார் என்றால் காலை ஏழு மணிக்கே, கூட்டம் சேர்ந்துவிட்டால் எழுத நேரமிருக்காது என்று, மாலை ஐந்து மணி வரைக்குமான வெப்பப் பதிவுத்தாளை எதற்காக மொத்தமாக எழுதி வைத்தார்? பதினொரு வருட வழக்கம் அது, கை தானாகப் போய்விடுகிறது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கரை, முப்பத்தாறு, நடுவில் ஒரு இடத்தில் அரை டிகிரி குறைத்து, அடடா, மேகம் ஒன்று கடந்து போனது போல அத்தனை இயற்கையாக. கையெழுத்தும் அச்சு மாதிரி. வெப்பமானியே பார்த்தால் வெட்கப்படும்.

நேற்று அரையிறுதியில் ஒரு பெண் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள், காலை உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்கும் ஒரு வரி எழுதியாகிவிட்டது. மருத்துவ ஏற்பாடு என்று ஒரு பல் டாக்டர் வந்திருக்கிறார், தலைவரின் மச்சினர், நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கொஞ்ச நேரம் முன்னால் குனிந்து காதோரம் சொன்னார், சார், நீங்க வெளிய வந்து அஞ்சு நிமிஷம் நில்லுங்க, அப்புறம் எழுதுங்க. தலைவர் திரும்பாமலே, மாப்ள, நீங்க பல்லப் பாருங்க, பந்த நாங்க பாத்துக்கறோம் என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது, செயலாளரும் சிரித்தார், சிரிக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் தலைவர் சிரிக்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்வதென்றால் அதற்குத் தனியாக ஒரு முதுகெலும்பு வேண்டும். நிறுத்திவிடலாம்தான், எழுந்து நின்று கையைக் காட்டினால் போதும், ஆனால் எதைக் காட்டி நிறுத்துவது, தாளில் முப்பத்தாறரைதானே இருக்கிறது, முப்பத்தாறரைக்கு யார் நிறுத்துவார்கள், ஏன் என்று கேட்பார்கள், தாளைக் கொண்டா என்பார்கள், மணி இன்னும் ஒன்றுகூட ஆகவில்லை, அதற்குள் ஐந்து மணியின் டிகிரி எப்படி வந்து உட்கார்ந்தது என்பார்கள்... இன்னும் பதினெட்டு நிமிடம்தான். பதினெட்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

ஏழாம் எண் அவரோடு பேசி எட்டு நாளாகிறது. பயிற்சியாளர் அவளைத்தான் அணித்தலைவி என்றார், இவர்தான் தடுத்தார், வேண்டாம், செயலாளர் பொண்ணுன்னு நாலு பேர் பேசுவாங்க. நேர்மை! பதினொரு வருடத்தில் செய்த ஒரே நேர்மை, அதையும் கொண்டுபோய்ப் பெற்ற பெண்ணின் தலையில் இறக்கினார். அவள் அழவில்லை, நீங்க ரொம்ப நல்லவர்தான்ப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள், அந்த நல்லவர் என்ற சொல் இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது. முதல் பாதியில் குதிரை மாதிரி ஓடினாள். இப்போது நடக்கிறாள். களைப்பு இருக்காதா பின்னே. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேவிட்டாள், பந்து அவள் காலடியைத் தாண்டிப் போகிறது, பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்துகிறார், அவள் அசையவில்லை, பந்தலைப் பார்த்துத் திரும்புகிறாள், மெதுவாக... சிரிக்கிறாள்.

எட்டு நாளுக்குப் பிறகு. கையைத் தூக்கி ஆட்டினார், தலைவர் முகத்தில் இடிக்காமல் கொஞ்சம் ஒதுங்கி, இன்னும் உயர்த்தி ஆட்டினார். அவளும் கையைத் தூக்கினாள், ஆனால் இவரை நோக்கி அல்ல. பந்தலுக்கு இடப்பக்கம், ஒரு ஆளும் இல்லாத வெறும் மண்ணைப் பார்த்து ஆட்டினாள். யாருக்கு? அங்கே யார் நிற்கிறார்கள்? மற்ற பெண்களின் சட்டையெல்லாம் முதுகோடு ஒட்டி நனைந்து கிடக்க, அவளுடைய சட்டை காய்ந்து, உப்புப் பூத்து வெளுத்திருந்தது, முகம் செக்கச் சிவந்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல்... எப்போதிலிருந்து? இத்தனை நேரமும் அவளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம், அவளைத்தானா பார்த்தோம்?

பல் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுவது கேட்டது. செயலாளர் எழுந்தார், கால் பந்தலின் விளிம்பில் நின்றது. ஆட்டம் நிறுத்தப்பட்டதற்கான காரணம் என்று எதை எழுதுவது என்றுதான் மனம் வாக்கியம் தேடிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது அவருக்கு உறைத்தது, உறைத்த பிறகும் அது தேடிக்கொண்டேதான் இருந்தது.