ஹெல்மெட்டுக்குள் இருந்த முகம்

"மூக்கு இப்டியாக்கா, இல்ல இன்னும் கொஞ்சம் நீட்டணுமா?" என்று கேட்டுவிட்டு தேசப்பன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

பொன்னேரி ஸ்டேஷன் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருந்தது அவன் ஸ்டுடியோ. கம்ப்யூட்டர் திரையில் ஒரு ரேஸ் போட், கத்தி மாதிரி நீளமாக, கூர்மூக்குடன் கரையோரம் கிடந்தது. அதன் மேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்ட ஓர் ஆள் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் தேசப்பன் ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தான். கழுத்துக்கு மேல் இப்போது வெறும் கடல். அந்தக் கடலில் ஒரு மூக்கு மட்டும் மிதந்தது.

மெஹர்னிசா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் திரைப்பக்கம் இழுத்துப் போட்டாள். பக்கத்து ஸ்டூலில் மகள் சிஃபா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை வீடு மீஞ்சூர். போகிற இடத்துக்கு அத்தாவின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பெண் பிடிவாதம் பிடித்தாள். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். அவள் வயிற்றில் இருக்கும்போதே துபாய்க் கடலில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகிவிட்டவர் மொஹசின். பழவேற்காட்டில் படகு இன்ஜின் பிரித்துக்கொண்டிருந்தவரை, ஓர் அரபு முதலாளி தன்னுடைய ரேஸ் போட்டுக்கு மெக்கானிக்காக எடுத்துக்கொண்டார். நடுக்கடலுக்குப் போய் அலைமேல் எகிறி எகிறித் திரும்பி வருகிற பந்தயம் அது. மிதவையைச் சுற்றித் திரும்பும்போது, அவரும் ஏறியிருந்த போட் குப்புறக் கவிழ்ந்தது. ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு பெட்டி, அதற்குள் அவர் துணிமணி, ஒரு கட்டு போட்டோ. போட்டோவில் எல்லாம் போட், கடல், நுரை. மனுஷன் இருந்த படம் இது ஒன்றுதான். மாமியாருக்குப் படம் எடுப்பது ஆகாது என்பதால் நிக்காஹ்விலும் கேமரா கிடையாது. அவரோடு போன பாஸ்போர்ட்டும் திரும்பி வரவில்லை. அந்த மாமியாரும் காலமாகி வருஷங்கள் ஆயிற்று. ஆக, மொஹசினின் முகத்துக்கு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே சாட்சி மெஹர்னிசா.

அந்தச் சாட்சிக்கு முகம் மறந்துபோய்விட்டது. முதலில் புருவம் போயிற்று, அப்புறம் வாய். ஒரு நாள் தொழுதுவிட்டுக் கையேந்தினாள். துஆவில் அவர் பெயர் வந்தது, முகம் வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? புருஷன் முகத்தைத் தொலைத்த பொம்பளை என்று ஊர் பேசட்டும், அது போகட்டும். அத்தா எப்டிம்மா இருப்பாரு என்று குழந்தை கேட்டபோதெல்லாம் நேரில் நிற்கிற மாதிரி வர்ணித்தே வளர்த்திருந்தாள். அந்த வர்ணனையை நம்பித்தான் சிஃபா இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மூக்கு."

"கொஞ்சம் நீட்டு," என்றாள் மெஹர்னிசா. வாயில் வந்தது தன் தம்பியின் மூக்கு. துணிந்தாயிற்று, இனி நின்றால் மாட்டிக்கொள்வாள். மீன் ஏலக்காரர் ஒருவரின் நெற்றியைக் கொடுத்தாள். எப்போதோ டவுன் பஸ்ஸில் சில்லறை கொடுத்த கண்டக்டரின் கண்களைக் கொடுத்தாள். மீசை எல்லாருக்கும் இருப்பதுதானே. தேசப்பன் தட்டத் தட்ட, கடலுக்கு மேல் ஒரு லட்சணமான மனுஷன் எழுந்து வந்தார். சிஃபா கையை நீட்டித் திரையைத் தொட்டாள். சத்தமே வராமல் "அத்தா" என்றாள். மெஹர்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அழுவுறாங்க என்று நினைத்து தேசப்பன் ஃபேனைக் கூட்டி வைத்தான்.

தொழுகிற வீட்டில் உருவப்படம் மாட்டக்கூடாது என்பதால் படம் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டது. சிஃபா வேலைக்குப் போகுமுன் பீரோவைத் திறப்பாள், வந்ததும் திறப்பாள். துணி எடுக்கப் போகிறவள் மாதிரிதான் போவாள், துணி எடுக்காமலே திரும்புவாள். மெஹர்னிசா அந்தப் பக்கமே போவதில்லை. மாற்றுப் புடவையைக்கூடக் கொடியிலிருந்தே எடுத்துக் கட்டினாள்.

இப்படியே போயிருந்தால் நிக்காஹ் முடிந்து பெண் மீஞ்சூர் போயிருப்பாள். ஆனால் கும்மிடிப்பூண்டியில் சிஃபா வேலை பார்த்த கம்பெனியில், மெயின்டனன்ஸ் பிரிவில் மோசஸ் என்று ஒரு பெரியவர் இருந்தார். எண்ணூர்க்காரர். கேன்டீனில் சாப்பிடும்போது, துபாயில் ரேஸ் போட் ஓட்டினேன் என்று அவர் ஆரம்பித்தால் பையன்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவார்கள், புளுகு என்று. சிஃபா மட்டும் ஒரு நாள் தன் தட்டோடு எதிரில் போய் உட்கார்ந்தாள். மொஹசின் பாய் என்று அவள் சொன்னதும் அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அவர் பொண்ணா நீ என்று ரெண்டு தடவை கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சமையல்கட்டில் டீ கொதித்துக்கொண்டிருக்க, மெஹர்னிசாவுக்குக் காது மட்டும் கூடத்தில் இருந்தது. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் சிரித்தார்.

"யாரும்மா இந்த ஆளு, என் சட்டையப் போட்டுக்கினு நிக்கிறான்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து சிஃபாவும் சிரித்தாள். அவர் விடவில்லை. ஜாக்கெட்டின் இடுப்பைக் காட்டினார். கொக்கி அறுந்துபோய் அங்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. "என் கையால நான் போட்ட முடிச்சு இது. நின்னது நான், ஹெல்மெட்டு போட்டுக்கினு. படம் புடிச்சது உங்க அத்தா. மொத சம்பளத்துல வாங்குன கேமரா, ஒருத்தன தொட உடமாட்டாரு. எப்பப் பாரு அந்தப் பொட்டியத்தான் மூஞ்சிக்கு முன்னால புடிச்சிக்கினு..." பாதியில் அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டார்.

டீ டம்ளர்த் தட்டோடு சமையல்கட்டு வாசப்படியில் நின்றுவிட்டாள் மெஹர்னிசா. சிஃபா திரும்பிப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. அந்தப் பார்வை அவசரமே இல்லாமல் இருந்தது.

"அந்த மூக்கு யாருதும்மா?"

"உங்க மாமாவுது."

"கண்ணு?"

மெஹர்னிசா தட்டைக் கீழே வைத்தாள். மோசஸ் எழுந்திருக்கப் பார்த்தார். சிஃபா அவரிடம், எங்க அத்தா எப்டி இருப்பாரு அங்கிள், நீங்களாவது சொல்லுங்க என்று கேட்டாள். அவர் பாவம், முயன்று பார்த்தார். ஒல்லி என்றார். மாநிறம் என்றார். இன்ஜின் ஓடும்போது ஒரு காதைச் சாய்த்துக் கேட்பார் என்றார். அதற்கு மேல் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, வருஷமாச்சே கண்ணு என்றார்.

"எல்லாம் நேத்து பாத்த மாதிரி சொல்லுவியேம்மா," என்றாள் சிஃபா.

"நிமிந்து பாத்திருந்தாதானடி," என்றாள் மெஹர்னிசா. "புதுப்பொண்ணு, தல தூக்கக் கூடாதுன்னு உங்க பாட்டி கூடவே நிக்கும். இருந்தது ஒரு மாசம். பகல்ல குனிஞ்ச தல, ராவுல வெளக்கு கெடயாது. நான் பாத்ததெல்லாம் அவுரு காலுதான். இடது காலு சுண்டுவெரல் பக்கத்து வெரல் மேல ஏறிப் படுத்துக்கினு இருக்கும். அத எங்க வச்சாலும் சொல்லுவேன். மூஞ்சி... கிளம்பற அன்னைக்கி ஒருவாட்டி பாத்தேன். அத வச்சிதான் இத்தினி நாள் ஓட்டுனேன். அதுவும் தேஞ்சி போச்சி."

யாரும் டீயைத் தொடவில்லை. மோசஸ்தான், பாய் எடுத்த அந்தப் பழைய படத்தை ஒரு தடவை காட்டுங்கம்மா, பார்த்துட்டுக் கிளம்பறேன் என்றார். மெஹர்னிசா பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தன் இளவயசைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். சிஃபா அவரோடு தெருமுனைவரை போனாள்.

தனியாக உட்கார்ந்து மெஹர்னிசா அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ தடவை பார்த்த படம். ஒவ்வொரு தடவையும் கண் நேராக ஹெல்மெட்டுக்குத்தான் போகும். இன்றைக்கு அங்கே போக வேலையில்லை. ஆரஞ்சு ஜாக்கெட்டில் இறங்கி, போட்டின் விளிம்பில் இறங்கி, படகுத்துறையின் ஈரப் பலகையில் வந்து நின்றது. தேசப்பன் தன் பிரிண்ட்டில் வெட்டித் தள்ளியிருந்த அடி ஓரம். அங்கே, வெள்ளை பார்டரை ஒட்டி, படம் எடுக்கிறவரின் வெறுங்கால் நுனிகள் உள்ளே வந்திருந்தன. வலது காலில் நாலு விரல். இடது காலில் அஞ்சு. சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறிப் படுத்திருந்தது.

அவள் உள்ளங்கையால் போட்டை மறைத்தாள். கடலை மறைத்தாள். விரல்கள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அப்படியே வைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு மாசம் குனிந்தது மாதிரியே.

சிஃபா எப்போது திரும்பி வந்தாள் என்று தெரியாது. வந்தவள் பக்கத்தில் உட்காரவில்லை, படத்தையும் கேட்கவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைப் பார்த்தாள், புருவத்தை, மூக்கை, மூக்குக்குக் கீழே உதட்டை. பாடத்தை மனப்பாடம் பண்ணுகிறவள் மாதிரி, ஒவ்வொன்றாக, திரும்பத் திரும்ப.