மாவு வண்டிச் சத்தம்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் இருக்கிற அந்த டூவீலர் சர்வீஸ் கடையில் இரண்டு வருஷத்துக்குள் மூன்று பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தது ஒரே நாற்காலியில். வண்டி கொண்டுவருகிறவர்கள் சொல்லும் குறையைக் கேட்டு, அட்டையில் எழுதி, உள்ளே பட்டறைக்கு அனுப்புகிற முன்மேஜை நாற்காலி அது. போனதற்கு மூன்று பேரும் சொன்ன காரணமும் ஒன்றுதான்: தலைமை மெக்கானிக் பாவாடை.

நான்காவதாக வந்து உட்கார்ந்தவள் மங்கை. பி.காம் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கால் சென்டரில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்து, முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் திட்டு வாங்கிவிட்டு ஊர் திரும்பியவள். முதலாளி நெடுமாறன் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"யாராவது கத்துனா அழுவியா?"

"அழமாட்டேன் சார்."

"அப்ப நாளைக்கே வந்துடு."

முதல் வாரமே அழுதாள். கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததால் யாருக்கும் தெரியவில்லை.

பாவாடைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தே உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள். அவரை நம்பித்தான் வந்தவாசியிலிருந்துகூட வண்டிகள் வந்தன. அதனால் முதலாளியும் அவரிடம் வாய் திறப்பதில்லை. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் பாவாடை கத்துவார். இல்லாவிட்டால் நாள் முழுக்கப் பேசவே மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியாது.

மங்கை எழுதி அனுப்புகிற அட்டைகளை அவர் பட்டறை முழுக்கக் கேட்கும்படி படிப்பார்.

"நாய்ஸ் ப்ராப்ளமாம். இன்னா நாய்ஸு? உள்ள நாய் பூந்து கொரைக்குதா?"

பட்டறைப் பையன்கள் பிரசாந்தும் தனகோட்டியும் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். மங்கை அட்டையை ஸ்பானர் பெட்டி மேல் வைத்துவிட்டு, அவர் திரும்புவதற்குள் ஓடிவந்துவிடப் பழகிக்கொண்டாள். வாடிக்கையாளர்களிடம் மட்டும் குரலில் தேன் சொட்டும். "கண்டிப்பா சார், அஞ்சு மணிக்கு ரெடியாயிடும் சார்." கால் சென்டரில் கற்றுக்கொண்டது அது.

அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும், ரஞ்சிதம் மூன்றாவது முறை வராமல் இருந்திருந்தால்.

ரஞ்சிதத்துக்கு அனந்தபுரத்தில் இட்லி மாவு வியாபாரம். விடிந்தால் பனமலைப் பக்கம், மதியம் செஞ்சி என்று கடை கடையாக ஸ்கூட்டரில் மாவு போடுகிறவள். ஆளும் பெரிது, குரலும் பெரிது. ஸ்கூட்டரை வாசலிலேயே குறுக்காக நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னாம்மா நீங்க சர்வீஸ் பண்ற லட்சணம்? மூணாவது வாட்டி வர்றேன். அந்தச் சத்தம் அப்டியேதான் இருக்குது!"

பாவாடை உள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ரெண்டு வாட்டியும் நானே ஓட்டிப் பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல. எடுத்துனு போ."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"அத நீதான் சொல்லணும்."

ரஞ்சிதம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். விஷயம் கைமீறிப் போகிறது என்று மங்கைக்குப் புரிந்தது. வாய் தானாகவே திறந்து, வழக்கமான தேனைக் கொட்டியது. "டென்ஷன் ஆவாதீங்கக்கா. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுவோம்."

அவ்வளவுதான். பாவாடை கையிலிருந்த ஸ்பானரைத் தகர மேஜை மேல் வீசினார். "யாரக் கேட்டுச் சொன்ன? ஆங்? இன்னா கோளாறுன்னே தெரியல, அதுக்குள்ள அஞ்சு மணியாம்! நீ ஒரு மணி சொல்லிடுவ, நான் எங்கருந்து புடுங்கிக் குடுக்கறது?"

ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மங்கைக்கு இந்த முறை அழுகை வரவில்லை. காதெல்லாம் சூடாகி, கோபம் வந்தது. மேஜைக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளை உருவி, ‘மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு’ என்று ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்தாள்.

ரஞ்சிதம் மேஜை மேல் குனிந்து தாளைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"இத அப்பறமா எழுதிக்கலாம் கண்ணு. நீ வந்து வண்டில ஏறு. உன் காதால ஒரு வாட்டி கேளு. அதுக்கப்பறம் நான் பொய் சொல்றேன்னு நீயும் சொல்லு, ஒத்துக்கறேன்."

மங்கை போயிருக்கவே மாட்டாள். ஆனால் அந்த நிமிஷம் அந்தக் கடையில் இருப்பதைவிட வேறு எங்கே இருந்தாலும் நல்லது என்று தோன்றியது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் இரண்டு பெரிய மாவு வாளிகள். பின்னால் மங்கை, அவள் மடியில் மூன்றாவது வாளி. வண்டி கோட்டைக்குப் போகிற ரோட்டில் திரும்பியது. மதிய வெயிலில் ராஜகிரி மலை கொதித்துக்கொண்டிருந்தது. புளியமரத்தில் இருந்த குரங்குகள் வாளிகளையே குறிவைத்துப் பார்த்தன.

"சமமான ரோட்ல ஒண்ணும் வராது," என்றாள் ரஞ்சிதம். "மேட்டுல நின்னு கெளம்பணும். இப்பப் பாரு."

மேட்டில் பிரேக் போட்டு நிறுத்தினாள். பிறகு மெல்ல முறுக்கினாள்.

கொர்ர்ர்ர்… டக்!

மங்கையின் முதுகுத்தண்டு வரைக்கும் ஏறியது அது. "வந்துடுச்சு!" என்று கத்தினாள், பரீட்சை முடிவு வந்துவிட்டதுபோல.

"வந்துச்சா! வந்துச்சா!" ரஞ்சிதத்துக்கு அதைவிடச் சந்தோஷம். இரண்டு மாதமாக வீட்டுக்காரர்கூட நம்பாத சத்தம்.

போனில் பதிவு செய்யப் பார்த்தார்கள். போட்டுக் கேட்டால் வெறும் காற்றுதான் புஸ்ஸென்று அடித்தது. இன்னும் மூன்று முறை மேட்டில் இறங்கி ஏறினார்கள். கோட்டை பார்க்க வந்த ஒரு குடும்பம், ஒரே இடத்தில் போய்ப்போய் வருகிற இந்த மாவு வண்டியை வேடிக்கை பார்த்தது.

"போன வுடுக்கா," என்றாள் மங்கை. "நான் வாயிலயே எடுத்துனு போறேன்."

திரும்புகிற வழியெல்லாம் ஒத்திகை. மங்கை "கொர்ர்… டக்" என்பாள். "இல்ல கண்ணு, ‘கொர்ர்’ இன்னும் இழுக்கணும், ‘டக்’கு பட்டுனு வுழணும்" என்று ரஞ்சிதம் திருத்துவாள். வழியில் இரண்டு கடைகளுக்கு மாவு போட்டார்கள். கடைக்காரர்களிடமும் செய்து காட்டினார்கள். ஒருவர், "டக்கு சரியா இருக்குது" என்றார்.

பட்டறையில் பாவாடை டிபன் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மங்கை நேராக அவர் முன்னால் போய் நின்றாள். இதுவரை அவள் அவ்வளவு பக்கத்தில் நின்றதே இல்லை. வணக்கமும் இல்லை, அண்ணா என்றும் இல்லை.

"கொர்ர்ர்ர்… டக்!"

பிரசாந்தின் கையிலிருந்த நட்டு உருண்டு ஓடியது. பாவாடை வாயருகே கொண்டுபோன கவளத்தை அப்படியே நிறுத்தினார்.

"இன்னொரு வாட்டி."

"கொர்ர்ர்ர்… டக்!"

"டக்கு மொதல்ல வருதா, கடைசியிலயா?"

"கடைசில."

"ஓடறப்பவா, கெளம்பறப்பவா?"

"கெளம்பறப்ப. அதுவும் மேட்டுல. லோடு இருந்தாதான்."

"லோடா? இன்னா லோடு?"

"மாவு. நாப்பது கிலோ."

பாவாடை கவளத்தை டப்பாவில் வைத்தார். "நான் காலி வண்டிய இல்ல ஓட்டிப் பாத்தேன்," என்றார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "மாவு ஏத்தற வண்டின்னு யாரும் எழுதலியே." பிறகு, கடையில் யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. அவருடைய தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தமில்லாமல் ஆரம்பித்த சிரிப்பு பட்டறை முழுக்கப் பரவியது. "அய்யோ, அந்த வண்டியவிட நல்லா செய்யற! கிளட்ச் ஷூ தேஞ்சிருக்குது. வேற ஒண்ணும் இல்ல. தனகோட்டி, வண்டியத் தூக்குடா!"

நான்கரை மணிக்கு ரஞ்சிதம் வாளிகளோடு மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஆளுக்கு ஒரு பாக்கெட் மாவு கொடுத்தாள். பாவாடைக்கு இரண்டு.

அவள் போன பிறகும் மங்கை பட்டறையைவிட்டுப் போகவில்லை. இந்த நல்ல நேரத்தை விட்டால் இனி வராது என்று தோன்றியது.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நீங்க கத்துனா எனக்குச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. சொல்ற விஷயம் ஏறவே மாட்டேங்குது."

பாவாடை நிஜமாகவே திகைத்தார். "நான் கத்தறனா?" என்று பையன்களைப் பார்த்தார். இருவரும் ஆளுக்கொரு சக்கரத்தை மும்முரமாக ஆராய்ந்தார்கள். "கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு பேசிப் பேசி அப்டியே ஆயிடுச்சு போலக்குது," என்றார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா நீயும் ஒண்ணு கேட்டுக்க. என்னக் கேக்காமயே அஞ்சு மணி அஞ்சு மணின்னு எல்லாருக்கும் சொல்லி வுட்டுர்ற. அஞ்சு மணிக்கு வண்டி ரெடியாவலன்னா அவன் உன்னப் பாத்தா மொறைக்கறான்? என்னத்தான் மொறைக்கறான். நல்ல பேரு உனக்கு, திட்டு எனக்கு."

மங்கைக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தன்னுடைய இனிப்பான பேச்சுக்குப் பின்னால் இவர் மாட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தப்புதாண்ணா. இனிமே கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்."

"நானும் மெல்லமா பேசிப் பாக்கறேன்," என்று அவர் கத்தினார்.

மறுநாளிலிருந்து அட்டையில் ‘நாய்ஸ் ப்ராப்ளம்’ கிடையாது. எப்போது வருகிறது, எங்கே வருகிறது, வண்டியில் எத்தனை பேர், என்ன சுமை, சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டு எழுதினாள். வந்தவர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். அனந்தபுரத்து டீச்சர் ஒருத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மங்கையின் காதில் "கீச், கீச்" என்றாள். மங்கை அதைப் பட்டறைக்குக் கேட்கும்படி திருப்பிச் செய்து காட்டினாள். மளிகைக் கடை ராஜம்மாளோ, கூச்சமே இல்லாமல் இரண்டு கையையும் ஆட்டி, "லொட லொட லொட லொட" என்று தெருவுக்கே கேட்கச் செய்தாள். உள்ளிருந்து பாவாடை முந்திக்கொண்டு பதில் சொல்லுவார். "பிரேக்கு!" "சைலன்சர் நட்டு!" சரியாக இருந்தால் பையன்கள் கைதட்டுவார்கள். தப்பாக இருந்தால் இன்னும் பலமாகத் தட்டுவார்கள்.

பாவாடை ஒரேயடியாக மாறிவிடவில்லை. அடுத்த வாரத்திலேயே மூன்று முறை கத்தினார். ஆனால் மங்கை இப்போது ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கிக் காட்டுவாள். அதைப் பார்த்ததும், உச்சியில் ஆரம்பித்த வாக்கியம் பாதியில் தடுமாறி, தாலாட்டுப் போல முடியும். "ஆயில் சீல் வரலன்னா நான் இன்னா… பண்றதும்மா."

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் காலையில் ஷட்டர் திறப்பதற்குள் வாசலில் இருபது வண்டிகள். ஒன்பது மணிக்கெல்லாம் நாற்பத்திரண்டு. செஞ்சியில் அத்தனை பேருக்கும் அன்றைக்கே வண்டி பளபளக்க வேண்டும். போன வருஷம் இதே நாளில்தான் மூன்றாவது ஆள் வேலையை விட்டு ஓடினார். மங்கை அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு முதலில் பாவாடையிடம் போனாள். இருவரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இருபத்தெட்டு இன்றைக்கு, மீதி நாளைக்கு. பிறகு வெளியே வந்து, ஒவ்வொருவரிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். முணுமுணுத்தார்கள். ஆனாலும் நேரம் உறுதியாகத் தெரிந்ததால் போய்விட்டார்கள்.

போகாதவர் வேர்க்கடலை மண்டி விநாயகம். "நாளைக்கா? நாளைக்குப் பூஜைக்கு வண்டி இல்லாம நான் இன்னா செருப்பையா வச்சிக் கும்புடறது?" என்று மேஜையைத் தட்டினார். மங்கை பதில் சொல்ல வாயெடுக்கும்போது பாவாடை வெளியே வந்தார். பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நெடுமாறன் தன் அறைக் கதவை லேசாகச் சாத்தினார்.

"உக்காருங்க," என்றார் பாவாடை. "செயினு ரொம்பத் தேஞ்சிருக்குது. அத அப்டியே வுட்டுட்டு, தொடச்சி மினுக்கி இன்னிக்கே குடுத்துடலாம். நாளைக்கு ஊட்டாளுங்கள ஏத்தினு போறப்ப நடு ரோட்ல அறுந்துடும். புது செயின் காலைல பஸ்ல வருது. பதினோரு மணிக்கு நானே போன் பண்றேன். பூஜைக்கு வண்டி ஊட்ல நிக்கும்."

விநாயகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு மெக்கானிக் உட்காரச் சொல்லிக் காரணம் சொன்னது அவருக்கு இதுதான் முதல் தடவை. "சரிப்பா. பதினோரு மணி," என்று எழுந்து போனார்.

பாவாடை மேஜைப் பக்கம் குனிந்தார். "சரியா பேசனனா?"

"சூப்பர்ணா. ஒரே ஒரு எடத்துலதான் கத்துனீங்க."

"எங்க?"

"‘உக்காருங்க’ன்னு சொன்னப்ப."

மறுநாள் சொன்னபடி எல்லா வண்டிகளும் தயாராகிவிட்டன. பட்டறையைக் கழுவி, ஸ்பானர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை அளந்து, வாழைப்பழம் சீப்பு சீப்பாக அடுக்கியாயிற்று. பதினோரு மணி. பாவாடை கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு விநாயகத்தைக் கூப்பிட ஓரமாகப் போனார். வண்டி ரெடி என்று சொல்ல அரை நிமிஷம் போதும். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. இந்த வருஷத்துக் கடலை விளைச்சல், விநாயகத்தின் மூட்டுவலி, அதற்கு ஆரணியில் ஒரு வைத்தியர் என்று பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே பாவாடை சிரித்தார்.

கற்பூரத் தட்டோடு நின்றிருந்த பிரசாந்த், "கூப்டட்டா சார்? நல்ல நேரம் போயிடும்," என்றான்.

நெடுமாறன் மங்கையைப் பார்த்தார். மங்கை பொரியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "இருக்கட்டும் சார்," என்றாள். "அண்ணன் பேசி முடிக்கட்டும்."