கங்காணியின் பசு

பதுளைக்கு ரயில் வந்து சேராத காலம். அந்த ஊர் மாட்டாஸ்பத்திரியில் லூக்காஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பெரிய டாக்டர் ஆஸ்பத்திரியை அவன் தலையில் கட்டிவிட்டுத் தோட்டங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். படித்து முடித்த கை, சும்மா இருக்குமா? ஒரு மாடாவது வராதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்தது.

முத்தையா கங்காணியின் பசு. அவர் முன்னால் வர, கயிற்றைப் பிடித்து வந்தவள் மீனாம்பாள். கங்காணி மேய்க்கும் கூலியாட்களில் ஒருத்தி. பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு அவர் மாட்டையும் அவளே பார்க்க வேண்டும். பசுவின் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது.

"பலாக்கொட்டை சிக்கிக்கிச்சு போலங்க. திங்கவும் மாட்டேங்குது, குடிக்கவும் மாட்டேங்குது," என்றார் கங்காணி.

முதல் வைத்தியம் இவ்வளவு சுலபமாக வாய்த்ததே என்று லூக்காஸுக்கு ஒரே சந்தோஷம். நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினான். கொட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கையை எடுத்தபோது கடைவாய்ப் பல் பட்டு விரல் முட்டி தோலுரிந்திருந்தது.

அப்போதுதான் பசு கத்தியது. தொண்டை கட்டிய மனுஷன் ஓலமிடுவது போலிருந்தது. கத்திவிட்டுக் கட்டுத்தறியை முட்டியது. கொம்படியில் ரத்தம் வழிந்தும் விடாமல் முட்டியது. வகுப்பில் படித்ததெல்லாம் லூக்காஸுக்கு இப்போது வரிவரியாக ஞாபகம் வந்தது. கையை விடுவதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?

"இதை நாய் ஏதும் கடிச்சுதா?"

"நாயில்லீங்க, நரி. போன மாசம் மூஞ்சியில கடிச்சிச்சு. மஞ்சப்பத்துப் போட்டோம், ஆறிப்போச்சு."

லூக்காஸ் ஓடிப்போய்க் கார்பாலிக் தண்ணீரில் கையை எரிய எரியத் தேய்த்தான். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பார்த்தான், இறங்கியது. வெறிநோய் இத்தனை சீக்கிரம் வந்து தொண்டையை அடைக்காது என்று தெரிந்தும் இன்னொரு மடக்குக் குடித்தான். கொழும்பில் ஊசி இருக்கிறது, இன்றே கிளம்பினால் பிழைத்துக்கொள்ளலாம். வெறி கண்டுவிட்டால் அப்புறம் சாவுதான். அவனுக்குச் சாக விருப்பமில்லை.

இவ்வளவும் தன்னைப் பற்றி நினைத்த பிறகுதான் மற்றவர்கள் நினைவு வந்தது.

"வேற யாராச்சும் வாயில கை விட்டீங்களா?"

"என் கை பெருசுங்க. இவளைத்தான் விட்டுப் பாக்கச் சொன்னேன்."

மீனாம்பாள் கையை முந்தானைக்குள் ஒளித்தாள். கெஞ்சிக் காட்டச் சொன்னதும் நீட்டினாள். இரண்டு விரலில் பல் கீறிய காயம்.

"வெறி பிடிச்ச மாடும்மா இது. நீங்களும் இப்பவே என்னோட கொழும்புக்கு வந்து ஊசி போட்டுக்கணும்."

"வேணாங்கய்யா. தோட்டத்துத் தொரை உத்தரவில்லாம போனா, ஓடிப்போனவன்னு புடிச்சு மறியல்ல அடைச்சிருவாங்க." சாவைவிட அவளுக்குத் துரைதான் பெரிய பயம்.

"கொழுந்து மண்டிக் கெடக்கு," என்றார் கங்காணி. "இவளுக்கும் மஞ்சப்பத்துப் போட்டாப் போச்சு. வாடி."

லூக்காஸுக்கு வேறு வழி தோன்றவில்லை. "சரி, கூட்டிட்டுப் போங்க. இவங்க மூச்சுப் பட்டாப் போதும், லயத்து வீடு பூராப் பரவிரும். மொதல்ல உங்களுக்குத்தான்."

பச்சைப் பொய். கங்காணி விருட்டென்று பின்வாங்கினார். "கொண்டு போயிருங்க. தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்."

பசுவைக் கொட்டடியில் அடைத்துப் பொலிசுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, லூக்காஸ் பண்டாரவளை ரயிலைப் பிடிக்க வண்டி பேசினான். அவள் இறங்கி ஓடிவிடாமல் பார்க்க, கங்காணி ஊர் எல்லை வரை வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே நடந்து வந்தார். மீனாம்பாள் வண்டியின் கோடியில் ஒடுங்கி, முந்தானையால் வாயை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"விடியக்காலையில புள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு வந்தேன், ஐயா," என்றாள் துணிக்குள்ளிருந்து. "ஊதி ஊதி ஊட்டினேன்."

கங்காணியின் காது கேட்கிற தூரத்தில் லூக்காஸால் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் திரும்பிப் போய் மறைந்த பிறகே சொன்னான்: "மூச்சுல பரவாதும்மா. உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப கங்காணிகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவரு உங்களை விடணுமேன்னு பொய் சொன்னேன்."

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"இப்ப நான் அழக் கூடாதேன்னு இதைச் சொல்றீங்க," என்று சொல்லி, முந்தானையை இன்னும் இறுக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.