பாக்கி முப்பத்துமூணு

மச்சானுக்குப் புராஸ்டேட்டில் புற்றுக்கட்டி. என் மனைவியின் அண்ணன், ஜவுளிக்கடைக்காரர். "அஞ்சு தடவை கரண்ட் வெச்சா போதும்" என்று டாக்டர் சொன்ன கையோடு, நான் வேலை பார்க்கும் கதிர்வீச்சு அறைக்கே வந்து மெஷின் படுக்கையில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

"பக்கத்துக் கடைக்காரருக்குப் போன வருஷம் முப்பத்தெட்டு வெச்சீங்க. பாக்கி முப்பத்துமூணு எங்க, மாப்ள? அது வராம நான் ஆரம்பிக்க மாட்டேன்."

நான் என்னத்தைச் சொல்ல! போன வருஷம் வரை காப்பீட்டுக்காரர்கள் தடவைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். இப்போது எத்தனை தடவை வைத்தாலும் ஆளுக்கு ஒரே தொகை. ஐந்தே போதும் என்ற ஆராய்ச்சி அதுவரை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. புது விதி வந்த மறுநாளே எழுந்து பல் விளக்கிவிட்டது. தடவை குறைந்ததால் இரண்டு மெஷினில் ஒன்றை மூடப்போகிறார்கள். அதில் நிற்பது நான்.

வெளியே காத்திருந்தவர்களும் மச்சானோடு சேர்ந்து, "எங்களுக்கும் முழுசா வேணும்" என்று கிளம்பிவிட்டார்கள். "உங்க ஆளை நீங்களே அடக்குங்க" என்று மேலாளர் என் தலையில் கட்டினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என் மெஷின் பிழைத்துவிடும்.

இருந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். மனுஷன் தினமும் வந்து பேரம் பேசினாரே தவிர சிகிச்சைக்குப் படுக்கவில்லை. "இருபத்தஞ்சுன்னு முடிச்சுக்கலாமா?"

மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், இது துணியில்ல, கூடக் கிழிச்சு வாங்க! அஞ்சே போதும். ஒவ்வொண்ணும் பெரிய அளவா வைக்கறோம். பேசிப் பேசிக் கட்டியை வளர்க்காதீங்க."

"அஞ்சுன்னா உன் வேலை போயிடும்னு தங்கச்சி சொன்னாளே?"

"போகும்."

"போகும்னு தெரிஞ்சுமா சொல்ற?"

"வேற யார் சொன்னா கேக்கறீங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தன் சரக்கு வேண்டாம்னு சொல்ற வியாபாரிய இன்னைக்குத்தான் பாக்கறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் படுத்ததைப் பார்த்து மற்றவர்களும் ஐந்துக்கு இறங்கிவந்தார்கள். மச்சானுக்கு ஐந்தாவது தடவை முடிந்த அன்றே என் கையில் வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். மச்சான் வாசலில் காத்திருந்தார்.

"கடைக்கு வந்துடு. அளக்கத் தெரியும்ல?"

"மில்லிமீட்டர் பிசகாம."

"அப்ப வேண்டாம்," என்றார் பதறிப்போய். "நீ கல்லாவுல உக்காரு."